கடைசி வார்த்தை யாருடையது? சேதுக்கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் போட்டித் தேர்வுக்கும் சட்டப் படிப்புக்கும் தயாராகிற பிள்ளைகளோடு அரசியல் சிந்தனை பற்றிப் பேசுவது என் வழக்கம். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் சில நேரம் வந்து உட்கார்வார்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைப் பதிலோடு இங்கே போட்டிருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும். அதைத் தேர்வில் எழுதி மார்க் போனால் நான் பொறுப்பில்லை.

இறையாண்மை என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

கடைசி வார்த்தை யாருடையதோ அவரிடம் இருப்பது இறையாண்மை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்தக் கருத்தைக் கோட்பாடாக எழுதியவர் பிரெஞ்சு சட்ட அறிஞர் ழான் போதான், 1576-ல். அப்போது பிரான்சில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் கடவுள் பெயரைச் சொல்லியே வெட்டின. அந்தச் சண்டையை நிறுத்த எல்லாருக்கும் மேலே ஓர் அதிகாரம் வேண்டும் என்றார் போதான். அந்த அதிகாரமும் கடவுள் விதித்த நெறிக்குக் கட்டுப்பட்டது என்று அவரே சொன்னதைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடும். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தைப் பார்த்த தாமஸ் ஹாப்ஸ் 1651-ல் இன்னும் ஒரு படி போனார். அவருடைய ‘லெவியத்தான்’ நூலின் முகப்புப் படத்தில் ஒரு பெரிய மன்னன் நிற்கிறான். அவன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மனிதர்கள். ஒரு கையில் வாள், மறு கையில் பிஷப்பின் கோல். மத விஷயத்திலும் முடிவு மன்னனுடையதே என்பதை அந்தப் படமே சொல்லிவிடுகிறது.

அரசியலில் இறையியலுக்கு என்ன வேலை? நாம்தான் மதச்சார்பற்ற நாடாயிற்றே.

இந்தக் கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் காரமாகப் பதில் சொன்னவர் ஜெர்மானியர் கார்ல் ஷ்மிட். நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியமான கருத்துகள் எல்லாமே இறையியலிலிருந்து வந்து உடை மாற்றிக்கொண்டவை என்று 1922-ல் எழுதினார். எல்லாம் வல்ல கடவுள் இருந்த இடத்தில் எல்லாம் வல்ல சட்டமன்றம். இயற்கை விதியை மீறுகிற அற்புதம் இருந்த இடத்தில் சட்டத்தை நிறுத்திவைக்கிற நெருக்கடி நிலை. எப்போது விதிவிலக்கு என்று முடிவு செய்கிறவன் எவனோ அவனே இறையாண்மை உடையவன் என்றார்.

அவரைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1933 மே மாதம் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு அதன் மேலேயே காதல் கொண்டவர் என்பது என் கணிப்பு.

இதற்கும் நம் ராமநாதபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார். எதற்கு? ராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களைக் காப்பதற்கு. அப்போது சேதுவுக்கு, அதாவது ராமர் கட்டியதாகச் சொல்லும் ராமேசுவரக் கடல் பாலத்துக்குப் போகும் வழியெல்லாம் காடு, மணல், கள்வர் பயம். தனுஷ்கோடியில் முழுக்குப் போட்டு ராமநாதசுவாமியைக் கும்பிட்டுவிட்டு உயிரோடு ஊர் திரும்புவதே பெரும்பாடு. அந்த வழியைக் காத்தவருக்கே ஆளும் உரிமை. ‘சேது காவலர்’ என்ற விருது அங்கிருந்து வருகிறது. வேறு நாட்டு மன்னர்கள் நிலத்தைப் பிடித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார்கள். இங்கே கோயிலுக்குப் போகும் பாதையைக் காத்து, அந்த உரிமையில் நிலம் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்களைச் சேதுகாவலர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய காசுகளில் ‘சேது’ என்று பொறித்திருக்கிறது. ஒரே மணல்திட்டு, இரு கரையிலும் அதன் பெயரால் அரசுகள்.

அதனால் இந்தக் கரையில் இறையாண்மை பற்றிப் பேச்சு வந்தால் நான் கேட்பது ஒரே கேள்வி: காவல்காரர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்? கீழே வருகிற பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியே வேறு வேறு வேஷத்தில் வரும்.

அப்படியென்றால் சேதுபதி ‘கடவுளால் நியமிக்கப்பட்ட மன்னர்’, ஐரோப்பிய ராஜாக்கள் மாதிரி?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், மன்னர் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர் என்று வாதாடினார். அவர் மகன் முதலாம் சார்லஸும் அதையே பிடித்துக்கொண்டு நின்றார். 1649-ல் அவர் தலை போயிற்று.

சேதுபதியின் நிலை வேறு. அரண்மனை வளாகத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் குடியிருக்கிறாள். நவராத்திரி வெறும் வீட்டு விசேஷம் இல்லை, ஆட்சியைப் புதுப்பிக்கும் அரச விழா. இந்த மரபின் சாயலை மதுரையில் இன்றைக்கும் பார்க்கலாம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் ஆனதும், அம்மன் கையிலிருந்து செங்கோலை வாங்கிக்கொண்டு வலம் வந்து, திரும்ப அவளிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஒரு காலத்தில் அதை வாங்கியது நாயக்க மன்னர். இன்றைக்கு வாங்குகிறவர் கோயில் தக்கார் அல்லது அறங்காவலர் குழுத் தலைவர். ஆள் மாறினாலும் செங்கோல் அவளுடையது, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.

வள்ளுவரும் மன்னனைக் கடவுளாக்குகிறார், ஆனால் நிபந்தனையோடு: ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப்படும்’. முறை செய்வது முதலில், காப்பது அடுத்து, தெய்வ நிலை கடைசியில். ஜேம்ஸின் வரிசை தலைகீழ்.

ஓரியூரில் அருளானந்தரைக் கொன்றது மதவெறியா, அரசியலா?

இந்தக் கேள்வியை ஓரியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் கோபத்தோடே கேட்பார்கள்.

நடந்ததைப் பார்ப்போம். போர்ச்சுகலிலிருந்து வந்த யேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, இங்கே அருளானந்தர். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவி போதும், மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அப்போது ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. மணவழி உறவுகள் மேலேயே பாளையங்களும் படைகளும் நின்ற காலம் அது. ஒரு துறவியின் வார்த்தை அந்த முடிச்சை அறுத்தபோது, இந்த மண்ணில் இன்னொரு சட்டம் செல்லுபடியாகிறது என்று சேதுபதிக்குத் தெரிந்துவிட்டது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-ல் ரோம் அவரைப் புனிதர் ஆக்கியது. அந்த இடத்துச் செம்மண்ணை இன்றைக்கும் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள்.

வெறும் மதவெறி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதே கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர் கீழக்கரை மரைக்காயர் சீதக்காதி. வேற்று மதத்தாரைச் சகிக்க முடியாதவர் அப்படிப் பழக மாட்டார். ஆனால் ‘அரசியல்தான்’ என்று சொல்லிக் கொலையைச் சிறிதாக்கவும் மனம் வரவில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் திருமண விவகாரத்தில் தாமஸ் மோர் 1535-ல் தலை கொடுத்ததும் இதே கணக்குதான். அரசன் படுக்கையறை வரைக்கும் திருச்சபைச் சட்டம் வரும்போது இரண்டு இறையாண்மைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன.

கம்பெனி வந்ததும் சேதுபதியின் இறையாண்மை என்ன ஆயிற்று?

1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தது. 1803-ல் அவர் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு நிரந்தர ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தது. அரசர் போய் ஜமீன்தார் வந்தார், கப்பம் போய்ப் பேஷ்குஷ் (ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்டும் தொகை) வந்தது. வாள் வெள்ளைக்காரன் கைக்குப் போனபின் சண்டைக்களம் கோர்ட்டுக்கு மாறியது.

அதில் ஒரு வழக்கு இந்தியா முழுக்கப் பேர் பெற்றது. ஜமீன்தார் ராமசாமி சேதுபதி ஆண் வாரிசு இல்லாமல் 1830-ல் இறந்தார். அவர் மனைவி ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவர் அனுமதி எழுதி வைக்காத நிலையில், பங்காளிகள் சம்மதத்தோடு ஒரு பையனைத் தத்தெடுத்தார். விதவை தானாகத் தத்தெடுத்தது செல்லாது, ஆகவே ஜமீன் சர்க்காருக்கு என்பது மதுரைக் கலெக்டர் தரப்பு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-ல் தீர்ந்தது. தத்து செல்லும் என்றார்கள். இந்து சட்டத்தில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த சாஸ்திர வாசகத்தையும் மிஞ்சும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

எண்ணிப் பாருங்கள். மன்னரை இறக்கிய அதே ஆட்சியின் உச்ச கோர்ட், சட்டம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ‘ராஜா உத்தரவிலிருந்து’ என்றும் சொல்லவில்லை, ‘சாஸ்திரத்திலிருந்து’ என்றும் சொல்லவில்லை. மக்கள் நடந்துவந்த வழக்கத்தைக் காட்டியது. சட்டம் என்பது இறையாண்மை உடையவரின் கட்டளை என்று ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832-ல் எழுதியதை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள், பக்கத்திலேயே இந்த ராமநாதபுரம் வழக்கையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கம் என்றால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. அதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். அதே ஆண்டு ஜனவரியில் விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றவர் அவர். விவேகானந்தர் சிகாகோ போக உதவியவரும் இவரே. மேல்முறையீடு நடக்கும்போது சமரசத்துக்கு இறங்கியும் பார்த்தார். வழக்கு அதோடு நிற்கவில்லை. 1908-ல் பிரிவி கவுன்சில், நுழையும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. காரணம்? வழக்கம்.

1868-ல் ஒரு பெண்ணின் கையைப் பலப்படுத்திய அதே வாதம் நாற்பது ஆண்டில் ஒரு சமூகத்தையே கோயில் வாசலில் நிறுத்தியது. சென்னை மாகாணத்தின் 1939, 1947 ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வந்த பிறகே சட்டப்படி அந்தக் கதவு திறந்தது. வழக்கத்துக்கு மேலே சட்டமன்றம் தேவைப்பட்ட இடம் இது.

இதிலே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பெனி வருவதற்கு முன்னால் என்றால் யார் கோயிலுக்குள் வரலாம் என்ற சச்சரவைச் சேதுபதி தன் சபையில் தீர்த்திருப்பார். 1897-ல் அவரே மனு போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்கிறார்.

கடவுளுக்குச் சொத்து உண்டா? கோர்ட்டில் சாமி வழக்குப் போட முடியுமா?

இரண்டுக்கும் ஆம். இந்தியச் சட்டத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் ஒரு சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம். ஆனால் மைனரைப் போலவே நடத்துவார்கள், சார்பில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். தெய்வம் உடைமையாளர், மனிதர் காவலர். சேதுபதியின் பழைய ஏற்பாடு சட்டப் புத்தகத்துக்குள் புகுந்த மாதிரி இருக்கிறது. உண்டியல் கணக்கு, கோயில் நிலக் குத்தகை பற்றிய வழக்குகள் எல்லாம் அந்தக் காவலர் ஒழுங்காக இருந்தாரா என்பதைப் பற்றியவையே.

மதச்சார்பற்ற அரசு கோயிலை நிர்வகிக்கலாமா?

ராமேசுவரத்தில் தீர்த்தமாடப் போகிறவர் கவுண்டரில் டிக்கெட் வாங்கும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். கோயில்களின் கணக்கைப் பார்க்க 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி சட்டம் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம். இடையில் 1954-ல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. சொத்து நிர்வாகத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், மதத்தின் சாரமான பகுதியில் தலையிட முடியாது.

கோடு போட்டது சரி, சாரம் எது என்று சொல்வது யார்? நீதிபதிகள். ஹாப்ஸ் படத்தில் மன்னன் பிடித்திருந்த பிஷப்பின் கோல் இங்கே கறுப்பு அங்கிக்காரர் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் கணக்கைத் தணிக்கை செய்ய யாருமே இல்லாத பழைய நிலைமையை விட இது மேல் என்றே நினைக்கிறேன்.

நம் அரசியலமைப்பு ஏன் கடவுள் பெயரில் தொடங்கவில்லை?

தொடங்கலாம் என்று ஒருவர் கேட்டார். 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதன் உறுப்பினர் எச். வி. காமத் ‘கடவுளின் பெயரால்’ என்று முகவுரையைத் தொடங்கத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது. எதிர்த்தவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் இல்லை. நம்பிக்கையை ஓட்டுக்கு விடுவதையே பிடிக்காதவர்களும் அந்த அவையில் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை, இறையாண்மை அல்லாவுக்கே உரியது என்று தீர்மானம் போட்டிருந்தது. 1937-ம் ஆண்டு அயர்லாந்து அரசியலமைப்பு மூவொரு கடவுளின் பெயரால் தொடங்குகிறது. நாம் ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்கினோம்.

அதற்குச் சில வாரம் கழித்து, நவம்பர் 25-ல், அம்பேத்கர் எச்சரித்தார்: மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்குமே வழி. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற நாட்டில் அந்தப் பேச்சை வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும்.

ஷ்மிட் சொன்ன ‘விதிவிலக்கு’ நம் நாட்டில் நடந்ததா?

நடந்தது. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. உயிர் வாழும் உரிமைக்காகக் கூட கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச். ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. 1978-ல் 44-வது திருத்தம் வந்து, 20, 21-வது பிரிவுகளை எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது என்று ஆக்கியது. 2017-ல் அந்தப் பழைய தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விதிவிலக்குக்கும் விதி போட முடியும் என்பது ஷ்மிட்டுக்கு நாம் கொடுத்த பதில்.

கச்சத்தீவை யார் யாருக்குக் கொடுத்தது? அது கொடுக்கக்கூடியதா?

எங்கே தொடங்கினாலும் பேச்சு இங்கே வந்துதான் நிற்கும்.

285 ஏக்கர், குடிதண்ணீர் இல்லாத தீவு. ராமநாதபுரம் ஜமீன் அதைத் தன்னுடையது என்று கொண்டு குத்தகைக்கு விட்டுவந்தது. 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் போனது. 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு வரையப்பட்டு, தீவு இலங்கைப் பக்கம் போனது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணம் இல்லாமல் போய்வரலாம் என்று அதன் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. 1976-ல் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி மீன்பிடிப்பு நின்றது.

சட்டச் சிக்கல் இங்கே இருக்கிறது. நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று, பாகிஸ்தானுக்குக் கொடுக்கவிருந்த மேற்கு வங்கத்துப் பெருபாரி விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. கச்சத்தீவுக்குத் திருத்தம் ஏதும் வரவில்லை. மத்திய அரசின் விளக்கம்: கொடுக்கவே இல்லை, யாருடையது என்று தீராமல் இருந்த இடத்தில் கோடு போட்டோம், அவ்வளவே. 2008-ல் ஜெயலலிதா போட்ட வழக்கு இதை எதிர்த்தது.

என் கருத்து? ஜமீன் ஆவணங்களை எடுத்து வாதாடுகிறவர்கள் பாதி சரி. குத்தகைப் பத்திரம் உடைமைக்குச் சான்றாகலாம், சர்வதேச எல்லைக்கு அது மட்டும் போதாது. ஆனால் இந்தக் கரையில் யாரையும் கேட்காமல் கோடு போட்டது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீவில் இருப்பது ஒரே கட்டடம் என்று சொல்லும்படி புனித அந்தோணியார் கோயில். திருவிழாவுக்கு ராமேசுவரம் பங்கு வழியாகப் பெயர் கொடுத்து, படகில் ஏறி, இரு கரைத் தமிழரும் ஒரே பூசையில் முழங்காலிடுகிறார்கள். மறுநாள் அதே கடலில் வலை போட்டால் கடற்படை. வழிபட வரலாம், பிழைக்க வரக் கூடாது என்பதே இரு அரசுகளும் கண்ட முடிவு.

“எங்க ஊர்க்கூட்டத்துல அபராதம் போட்டா கட்டுறோம். அது சட்டமா சார்?”

பாம்பன் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கேட்டது. ஆஸ்டினிடம் கேட்டால் இல்லை என்பார். நான் கொஞ்சம் யோசிப்பேன். பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தகராறு முற்றி வலைகள் அறுபட்ட பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. அந்த மூன்று நாளும் மீன்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டே படகு இறங்கும். 1983-ம் ஆண்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு பக்கம், சங்கங்களின் பேச்சுவார்த்தை இன்னொரு பக்கம், ஊர்க்கூட்டம் மூன்றாவது. படகு இறங்குகிறவருக்கு மூன்றும் சட்டமே.

ஒரு எச்சரிக்கை. அபராதம் வரைக்கும் சரி. ஊர்விலக்கு என்று இறங்கினால், தண்ணீர் தராதே, பேசாதே என்றால், அங்கே ஊர்க்கூட்டம் குட்டி லெவியத்தான் ஆகிவிடுகிறது. அப்போது காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் போகத் தயங்கக் கூடாது.

ராமர் பாலம் உண்டா இல்லையா என்று கோர்ட் சொல்லலாமா?

ராமர் பாலம் என்று சொல்லும் மணல்திட்டை வெட்டிக் கப்பல் கால்வாய் போடும் சேதுசமுத்திரத் திட்டத்துக்கு 2005 ஜூலை 2-ல் மதுரையில் தொடக்க விழா நடந்தது. 2007 செப்டம்பரில், ராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான பிரமாணப் பத்திரத்தை, எழுந்த கூச்சலில் மத்திய அரசே சில நாளில் திரும்பப் பெற்றது. மண்ணைத் தோண்டலாமா, மன்னார் வளைகுடாப் பவளப்பாறைக்கு என்ன ஆகும், செலவுக்குத் தக்க வரவு உண்டா என்பவை அரசும் கோர்ட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். ராமர் கட்டினாரா என்பது அந்த வகையில் வராது. அதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதியதும் வம்பு, எழுதச் சொன்னதும் வம்பு.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

1868 ராமநாதபுரம் வழக்கு சட்டக் கல்லூரியில் இந்து சட்டப் பாடத்தில் உண்டு, ஆண்டையும் அந்த ஒரு வாக்கியத்தையும் படித்துக்கொள்ளுங்கள். ஷிரூர் மடம், 25, 26, 352-வது பிரிவுகள், 44-வது திருத்தம் ஆகியவற்றைக் குடிமைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் விட முடியாது. போதான், ஹாப்ஸ், ஆஸ்டின் அரசியல் அறிவியல் விருப்பப்பாடக்காரர்களுக்கு. கச்சத்தீவை நேர்முகத்தேர்வில் கேட்டால் முதலில் தேதிகளைச் சொல்லுங்கள், கருத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.